சொந்த ரத்தமா, ரத்த வங்கி ரத்தமா?

தேதி குறித்த அறுவை சிகிச்சைக்கு உங்கள் ரத்தத்தையே முன்கூட்டி எடுத்து வைக்கலாம். பொதுவாக வாரம் ஒரு பை. ஒவ்வொரு முறையும் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறையக் கூடாது. கடைசிப் பை அறுவைக்கு 72 மணி நேரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை முதல் பைக்கு முன்பே தொடங்குவது நல்லது. சிபிடிஏ (ரத்தம் உறையாமல் காக்கும் திரவம்) கலந்த பை குளிர்பெட்டியில் 35 நாள்தான் தாங்கும். அறுவை தள்ளிப்போனால் குப்பைக்குத்தான்.

பெரிய சிக்கல் வேறு. ஒரு பைக்கு ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1 கிராம் இறங்கும். அதை ஈடுகட்ட உடலுக்கு வாரக்கணக்கில் ஆகும். ஆக, சோகையோடு போய் மேசையில் படுக்கிறீர்கள். எடுத்ததையே திரும்ப ஏற்ற வேண்டிவரும் கூத்து இது!

வங்கி ரத்தத்தில் இந்த இழப்பு இல்லை. எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிஃபிலிஸ், மலேரியா சோதனைகள் முடிந்தே வரும். தொற்று ஆபத்து மிகக் குறைவு, ஆனால் பூஜ்யமல்ல. பிறர் அணுக்களுக்கு எதிர்பொருளும் உருவாகலாம். பை மாறுவதும் பையில் கிருமி வளர்வதும் இரண்டுக்கும் பொது. 'என் ரத்தம்தானே' என்று படுக்கையருகே பெயர் சரிபார்ப்பதை விடக் கூடாது.

பெரும்பாலோருக்கு வங்கியே போதும். 1952இல் அறியப்பட்ட பம்பாய் வகை என்ற அரிய ரத்த வகையினருக்கு ஓ ரத்தமும் சேராது. அவர்களுக்குச் சொந்தப் பை பொன். கடும் இதய வால்வுச் சுருக்கமோ காய்ச்சலோ இருந்தால் அதுவும் கூடாது.