மஞ்சள் ஒட்டு அட்டை: ஆர்கிட் தொட்டிக்குப் போதுமா?

தொட்டி ஈரத்தில் பெருகும் சிறு பூச்சியான பூஞ்சை ஈயைக் கணக்குப் பார்க்க மஞ்சள் அட்டை நல்ல கருவி, ஆனால் அந்த ஈயை ஒழிக்க உதவாத கருவி. வேவு பார்க்க 5க்கு 4, கட்டுப்படுத்த 5க்கு 1 தரலாம்.

அட்டை கறுக்கக் கறுக்கப் பூஞ்சை ஈ கிளம்பிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் தொட்டிக்குள் இருக்கிறது. பெண் ஈ சுமார் ஒரு வாரம்தான் உயிரோடிருக்கும். அதற்குள் ஈரப் பாசியிலும் மக்கிய மரப்பட்டை இடுக்கிலும் 100 முதல் 200 முட்டை வரை இட்டுவிடும். சில நாளில் பொரிந்து வரும் கருந்தலை வெள்ளைப் புழு இரண்டு வாரம்போலப் பூஞ்சையைத் தின்று வளரும். கூட்டம் பெருத்தால் இளவேர் நுனியையும் கடிக்கும். அட்டை பிடிப்பது இறக்கை முளைத்ததை மட்டுமே. சிக்கும் பெண் ஈக்களில் பல முட்டையிட்டு முடித்தவையாகவும் இருக்கலாம்.

பலரும் அட்டையை இலைக்கு மேலே தொங்கவிடுகிறார்கள். இந்த ஈ உயரப் பறப்பதில்லை. பட்டைப் பரப்புக்கு 2–3 செ.மீ. மேலே, படுக்கைவாட்டில் வையுங்கள். காற்றுவேர் பசையில் ஒட்டினால் பிய்த்தெடுக்கும்போது மேல்தோல் உரிந்துவிடும். உள்ளே புழு இருக்கிறதா என்று அறிய உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றைப் பட்டைமேல் பதித்து, மூன்றாம் நாள் புரட்டிப் பார்க்கலாம். அட்டையைவிட இது நேர்மையான சாட்சி.

புழு இருந்தால் பி.டி.ஐ. (பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற பாக்டீரியா கொண்ட உயிரி மருந்து) வேண்டும். இந்தப் பாக்டீரியா புழுவின் வயிற்றுக்குள் போனால்தான் கொல்லும். முட்டை, கூட்டுப்புழு, ஈ மூன்றையும் தொடாது. அதனால் ஒருமுறை ஊற்றிவிட்டு "வேலை செய்யவில்லை" என்பது நியாயமில்லை. ஒரு தலைமுறைக்கு மூன்று நான்கு வாரம் ஆகிறது. அதுவரை வாரம் ஒருமுறை, பொட்டலத்தில் சொன்ன அளவில், தொட்டி முழுக்க நனையும்படி ஊற்ற வேண்டும். பட்டை மக்கிக் கூழாகியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். தட்டில் தேங்கும் நீரையும் கொட்டிவிடுங்கள்.

டென்ட்ரோபியம் வகை ஆர்கிட்டின் மொட்டு மஞ்சளித்துக் கோணி உதிர்கிறதென்றால் அது வேறு ஈயாக இருக்கலாம். மல்லிகை மொட்டையும் கெடுக்கும் மொட்டு ஈ, மொட்டின் நுனியில் முட்டையிடும். ஒரு நாளுக்குள் பொரிந்து புழு உள்ளே புகுந்துவிடும். அங்கே அட்டையும் எட்டாது, தொட்டியில் ஊற்றும் பி.டி.ஐ.யும் எட்டாது. ஐந்தாறு நாளில் வளர்ந்த புழு துள்ளிக் கீழே விழுந்து, தொட்டியிலோ மண்ணிலோ கூட்டுப்புழுவாகும். ஆகவே கெட்ட மொட்டைப் புழு வெளியேறும் முன்பே பறித்து, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி அப்புறப்படுத்துங்கள். செடியடியில் போட்டால் அடுத்த தலைமுறை அங்கிருந்தே எழும்.