கையடக்க பி.எச். மீட்டர்: எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போதும், கடலுக்குப் போதாது

மாணவர்களுடன் கடல்நீரை அளந்து பார்ப்பதற்காக, பிராட்வேயில் ஆய்வுக்கூடச் சாமான்கள் விற்கும் ஒரு கடையில் 1,800 ரூபாய் கொடுத்து வாங்கிய பி.எச். மீட்டரை (நீரின் அமில, காரத் தன்மையை எண்ணாகக் காட்டுவது; எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) நான்கு மாதங்களாகக் காசிமேட்டிலும் எண்ணூரிலும் பயன்படுத்தி வருகிறேன். ஃபைபர் படகில் ஒருமுறை உப்புநீரில் முழுக்க நனைந்தும் கருவி பழுதாகவில்லை. ஆனால், "கடல் ஆராய்ச்சிக்கே இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க சார்" என்று கடைக்காரர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை.

மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ கால் பங்கைக் கடல் உள்வாங்கி, அது நீரில் அமிலமாக மாறுவதால், தொழிற்புரட்சிக் காலத்தில் சுமார் 8.2 ஆக இருந்த மேற்பரப்புக் கடல்நீரின் பி.எச். இன்று 8.1 அளவுக்கு இறங்கியிருக்கிறது. இந்த மீட்டரின் பிழை வரம்பு 0.1 என்று அதன் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அத்தனை ஆண்டுகளின் மாற்றமும் அந்தப் பிழைக்குள் மறைந்துவிடும். மீட்டரைச் சரிபார்க்க உடன் தரும் 4.01, 6.86, 9.18 பஃபர் பொடிகளும் (பி.எச். முன்கூட்டியே தெரிந்த கரைசல் தயாரிக்கும் பொடிகள்) உப்புக் குறைந்த நீருக்கு உரியவை. கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள நீரைத் துல்லியமாக அளக்கச் செயற்கைக் கடல்நீரில் தயாரித்த ட்ரிஸ் பஃபர் வேண்டும். அப்படியே அளந்தாலும், கடல் கரியமில வாயுவைக் காற்றிலிருந்து வாங்குகிறதா, காற்றுக்குக் கொடுக்கிறதா என்று சொல்ல பி.எச். மட்டும் போதாது, நீரின் காரத்தன்மை (அமிலத்தைச் சமன்செய்யும் திறன்), வெப்பநிலை, உப்பளவு ஆகியவையும் தெரிந்தால்தான் இரு பக்கத்து வாயு அழுத்தத்தையும் ஒப்பிட முடியும், வாயு எவ்வளவு வேகமாகக் கைமாறுகிறது என்பதற்குக் காற்றின் வேகமும் வேண்டும்.

கழிமுகத்தில் கதை வேறு. இரவெல்லாம் உயிரினங்கள் மூச்சுவிட்டும் கழிவு மக்கியும் கரியமில வாயு சேர்ந்துவிடுவதால் விடியற்காலையில் பி.எச். தாழ்ந்தும், வெயிலில் பாசி அதை உறிஞ்சிய பிறகு பிற்பகலில் உயர்ந்தும் இருப்பதை இந்த மலிவான கருவியே தெளிவாகக் காட்டியது. அந்த ஏற்ற இறக்கத்தை மாணவர்கள் தாங்களே தாளில் கோடாக வரைந்தபோது எனக்கு மிகுந்த நிறைவு. படகுக்கார அண்ணன் கழியை ஊன்றியதும் சேற்றிலிருந்து குமிழ்கள் எழுந்தன. அதில், சேற்றில் கழிவு மக்கும்போது உண்டாகும் மீத்தேன் வாயு எவ்வளவு என்பதை இந்த மீட்டர் சொல்லாது; அதற்கு வாயுப் பகுப்பாய்வுக் கருவிதான் வேண்டும்.

நீரை வாளியில் மொள்ளாதீர்கள், அலம்பினால் நீரில் கரைந்த வாயுவின் அளவு மாறிவிடும்; கண்ணாடிக் குப்பியை நீருக்குள்ளேயே நிரப்பி, குமிழ் இல்லாமல் மூடுங்கள். எலெக்ட்ரோடு முனை காயாமல் வைக்கும் பொட்டாசியம் குளோரைடு கரைசலைக் கடையில் தரவில்லை, நான் தனியாகத்தான் வாங்கினேன். நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.