மியூசிக் பிளேயர் வாங்கப் போகிறீர்களா? சார்ஜ் துளையை முதலில் பாருங்கள்

மியூசிக் பிளேயர் வாங்க நினைப்பவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒலி எப்படி இருக்கும் என்றுதான். சில ஆண்டுகளாகத் தினமும் ஒன்றைப் பையில் வைத்துத் திரிகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒலியைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். ஓரளவு பெயருள்ள பிளேயர்கள் எல்லாமே இன்று நன்றாகத்தான் பாடுகின்றன. நாள்பட்ட பிறகு உங்களைப் படுத்தப்போவது சார்ஜ் துளை, பேட்டரி, திரையில் தமிழ் தெரியும் விதம், இந்த மூன்றும்தான்.

கைபேசி இருக்கும்போது இது எதற்கு என்ற கேள்வி வரும். சிங்கப்பூரில் தெம்பனிஸிலிருந்து ஜூரோங் வரை எம்ஆர்டி ரயிலில் போய்வரும் எனக்குக் கைபேசியின் பேட்டரி வேறு வேலைகளுக்கு வேண்டும். அது தீர்ந்தால் பேநவ் வழியாகப் பணம் அனுப்ப முடியாது, பஸ் கட்டணமும் தட்ட முடியாது. அதோடு, பாட்டுக்கு நடுவே அலுவலகச் செய்தி வந்து ‘டிங்’ என்று அடிக்காத ஒரு மணி நேரம் எனக்குப் பெரிய விஷயம்.

இப்போது பயன்படுத்துவது 2023இல் வந்த சோனி வாக்மேன் ஏ306. 3.6 அங்குலத் திரை, 32 ஜிபி சேமிப்பு, மைக்ரோ எஸ்டி அட்டைக்கு இடம், 3.5 மிமீ ஹெட்போன் துளை, டைப்-சி சார்ஜ். சோனியின் பழைய மாடலான ஏ55 போன்றவற்றில் அந்த நிறுவனத்துக்கே உரிய அகலமான கேபிள்தான் நுழையும். பழையதாக மலிவு விலையில் கிடைக்கிறதே என்று அதை வாங்கினால், கேபிள் தொலையும் நாளில் தேடி அலைய வேண்டும்.

டைப்-சி என்று எழுதியிருந்தாலே போதும் என்றும் நினைக்காதீர்கள். இதற்கு முன் வைத்திருந்த வேறொரு மலிவான பிளேயரில் துளை டைப்-சிதான். ஆனால் இரு முனையும் டைப்-சி உள்ள கேபிளில் லேப்டாப் சார்ஜரோடு இணைத்தால் அசையவே அசையாது. அதே பிளேயர், ஒரு முனை பழைய அகல யுஎஸ்பியாக உள்ள கேபிளில் உடனே சார்ஜ் ஏறும். காரணம் எளிது. டைப்-சி சார்ஜர், எதிர்முனையில் 5.1 கிலோஓம் மின்தடை இருப்பதை உணர்ந்த பிறகுதான் மின்சாரம் விடும். சில தயாரிப்பாளர்கள் அந்தச் சின்னஞ்சிறு பாகத்தை வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். பழைய அகலத் துளையிலோ 5 வோல்ட் எப்போதும் இருக்கும், அதனால் அது வேலை செய்கிறது. உங்கள் பிளேயர் சார்ஜ் ஏறவில்லை என்றால், பேட்டரி போய்விட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

வேக சார்ஜர் எதுவும் தேவையில்லை. சாதாரண 5 வோல்ட் அடாப்டரே போதும்; மூன்று முள் பிளக்கில் பாதுகாப்புக் குறியீடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். பழைய கணினியின் யுஎஸ்பி துளை அரை ஆம்பியர்தான் தரும், மெதுவாக ஏறும், கெடுதல் ஒன்றுமில்லை. லித்தியம் பேட்டரிக்கு ஆகாதது சூடும், எந்நேரமும் நூறு விழுக்காட்டில் நிற்பதும். நம் ஊர் வெயிலில் ஜன்னலோரம் வைத்து நாள் முழுக்கச் சார்ஜில் விடுவது இரண்டையும் ஒருசேரச் செய்வதற்குச் சமம். உறை போட்டிருந்தால் கழற்றிவிட்டு, மின்விசிறிக் காற்று படும் மேசையில் வைக்கிறேன். வாக்மேன் அமைப்புகளில் பேட்டரியைக் காக்கும் வசதி ஒன்று உண்டு. ஏறக்குறைய 90 விழுக்காட்டில் நிறுத்திக்கொள்ளும். வாங்கிய அன்றே அதைப் போட்டுவிடுங்கள். கம்பி ஹெட்போனில் சிடி தர எஃப்எல்ஏசி (ஒலித்தரம் குறையாமல் சுருக்கிய) கோப்புகளைக் கேட்டால் 36 மணி நேரம் வரை ஓடும் என்கிறது சோனி. என் பழக்கத்தில், வைஃபையை அணைத்து வைத்தால் வாரத்துக்கு ஒருமுறை சார்ஜ் போட்டாலே போதும். ஆண்ட்ராய்டு பிளேயர் எதுவானாலும் வைஃபை திறந்தே கிடந்தால் சும்மா இருக்கும்போதும் பேட்டரி கரையும்.

நம் சிங்கப்பூர் நிறுவனமான கிரியேட்டிவ் 2004இல் கொண்டுவந்த ஸென் மைக்ரோவில் பேட்டரியைக் கையாலேயே கழற்றி மாற்றலாம். அந்த வசதி இன்றைய பிளேயர்களில் அநேகமாக இல்லாமல் போனது எனக்கு உண்மையிலேயே வருத்தம். பேட்டரி தளர்ந்ததும் நல்ல கருவியைத் தூக்கிப்போட வேண்டியதாகிறது.

அப்புறம் தமிழ். இதற்கு முன் வைத்திருந்ததாகச் சொன்ன அந்த மலிவான பிளேயரில் ‘தென்றல்’ என்ற சொல்லில் கொம்பு ‘த’வுக்குப் பின்னால் போய் நிற்கும், மெய்யெழுத்துப் புள்ளி எழுத்தை விட்டு விலகித் தனியே மிதக்கும். சில பாடல்கள் வெறும் கட்டங்களாகத்தான் தெரியும். ஆண்ட்ராய்டில் ஓடும் பிளேயர்களில் இந்தத் தொல்லை இல்லை, தமிழ் சரியாக வருகிறது. நான் ஏ306க்கு வந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான். ஆனால் திரைப்பாடல்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ‘ஆர்ட்டிஸ்ட்’ என்ற இடத்தில் பாடகர்கள் பெயர் இருப்பதால், ஒரே படத்தின் பாடல்கள் ஆளுக்கொரு பக்கமாகச் சிதறிவிடும். நாமோ இசையமைப்பாளர் பெயரைச் சொல்லித்தான் பாட்டைத் தேடுகிறோம். பாட்டுக் கோப்பின் விவரங்களைத் திருத்த உதவும் எம்பி3டேக் போன்ற மென்பொருளில் ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ இடத்தில் இசையமைப்பாளர் பெயரை ஒரே மாதிரி எழுத்துக்கூட்டி நிரப்பினால் எல்லாம் ஒன்றுசேரும். தேக்கா கடைகளில் வாங்கிச் சேர்த்த சிடிக்களைக் கோப்புகளாக மாற்றும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது. பிறகு உட்கார்ந்து திருத்துவது பெரும் வேலை.

இடம் பற்றி ஒரு கணக்கு: சிடி தரத்தில் ஐந்து நிமிடப் பாட்டு எஃப்எல்ஏசியாக 30 எம்பி அளவில் வரும், 320 கேபிபிஎஸ் எம்பி3யாக 12 எம்பி. 128 ஜிபி அட்டை தாராளம்.

விமானத்தில் போகிறவர்கள் வீட்டிலேயே சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானங்களில் பவர் பேங்க் கொண்டு எதையும் சார்ஜ் செய்யக் கூடாது.

சிம் லிம் சதுக்கத்திலோ அடெல்ஃபியிலோ கடைக்குப் போகும்போது உங்கள் சார்ஜரையும் கேபிளையும், தமிழ்ப் பெயருள்ள நான்கைந்து பாடல்கள் போட்ட ஒரு மைக்ரோ எஸ்டி அட்டையையும் எடுத்துப்போங்கள். பழைய பிளேயர் என்றால் பத்து நிமிடமாவது பாடவிட்டு, பேட்டரி எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.