கொழும்பில் பங்குக் குதிரை: மகளுக்காக நாங்கள் தெரிந்தெடுத்த லாயம் பற்றிய மதிப்பீடு

குதிரைமீது தீராத ஆசை கொண்ட பதின்ம வயதுப் பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்தால், வார இறுதியில் கிடைக்கும் அரை மணித்தியாலச் சவாரி வகுப்பு சில மாதங்களிலேயே போதாமல் போய்விடும். அதற்காகக் கொழும்பில் சொந்தமாக ஒரு குதிரையை வாங்கிப் பராமரிப்பது பெரும்பாலான குடும்பங்களால் இயலாத காரியம். இவ்விரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் பங்குக் குதிரை ஏற்பாடு. பிரித்தானியாவில் நன்கு வேரூன்றிய இந்த முறையில், குதிரை உரிமையாளருடையதாகவே இருக்கும். பங்காளர் மாதந்தோறும் ஒரு தொகையைக் கொடுத்து, வாரத்தில் குறித்த சில நாட்களில் அதில் சவாரி செய்வதோடு, அந்நாட்களில் அதன் உடலைத் துலக்குவது, சாணம் அள்ளுவது, தீனி வைப்பது ஆகிய வேலைகளையும் ஏற்றுக்கொள்வார். எங்கள் மகளுக்காக அத்தகைய ஓர் ஏற்பாட்டைத் தேடி, இறுதியில் கொழும்பின் கிழக்குப் புறநகரில் உள்ள ஒரு சிறிய லாயத்தில் அதைப் பெற்றுக்கொண்டோம். அந்த லாயத்தின் சேவையைப் பற்றியதே இந்த மதிப்பீடு. குறிப்பிட வேண்டிய குறைகளும் இருப்பதால் அதன் பெயரைத் தவிர்த்துள்ளேன்.

கொழும்பில் தெரிவு குறைவு என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1893 இல் திறக்கப்பட்ட கறுவாத்தோட்டக் குதிரைப் பந்தயத் திடலில் இன்று றக்பி ஆட்டங்களும் கடைத்தொகுதியும்தான் இருக்கின்றன. பந்தயம் என்றால் நுவரெலியாவின் சித்திரைப் பருவத்தையே நினைக்கிறோம். நகரைச் சுற்றியுள்ள சவாரி லாயங்களின் தொகை சிறியது. பங்குக்கு விடக்கூடிய குதிரைகளின் தொகை அதைவிடச் சிறியது. ஆகவே கிடைத்ததை உடனே பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற அவசரம் பெற்றோருக்கு வருவது இயல்பு. எங்கள் மகளுக்கோ அந்த அவசரம் பல மடங்கு இருந்தது. குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போய், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து அங்கு தங்கிவிட்ட மட்டக்குதிரைகள் வெட்டைவெளியில் கூட்டமாக மேய்வதைக் கண்ட நாளிலிருந்து அவளுக்கு வேறு பேச்சில்லை.

முதலில் எங்களுக்குக் கிடைத்தது தனிப்பட்ட உரிமையாளர் ஒருவரின் குதிரை. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற, உயரமான, கண்ணைப் பறிக்கும் கபில நிறத் தரோப்ரெட் என்ற பந்தய இனக் குதிரை அது. உரிமையாளர் அன்பானவர், எங்களிடம் எந்தக் கேள்வியும் கேட்காமலே, வாரத்தில் நான்கு நாட்கள் விரும்பிய நேரத்தில் வந்து ஓட்டலாம் என்றார். கட்டணமும் குறைவு. மாலை நேரத்தில், மழைக்கு முந்திய புழுக்கத்தில், அவருடைய ஆள் ஒருவர் அக்குதிரையைச் சில சுற்றுகள் ஓட்டிக் காட்டினார். இறங்கியபோது அவருடைய சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. குதிரையின் கழுத்தோ முற்றாக உலர்ந்திருந்தது. அதன் மூக்குத் துவாரங்கள் விரிந்து, விலாப்புறம் வேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் கொடுக்கவில்லையா என்று கேட்டபோது, சூட்டோடு இருக்கும் குதிரைக்குத் தண்ணீர் ஆகாது என்ற பதில் வந்தது.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குதிரை மனிதனைப் போலவே வியர்வையால் உடலைக் குளிர்விக்கும் விலங்கு. வெப்பமும் ஈரப்பதனும் மிகுந்த நாடுகளில் சில குதிரைகள், சிறப்பாகக் குளிர்ந்த இடங்களிலிருந்து கொண்டுவரப்படுபவை, நாளடைவில் வியர்க்கும் திறனை இழந்துவிடுகின்றன. அத்தகைய குதிரையை வேலை வாங்கினால் உடல் வெப்பம் ஏறிக்கொண்டே போய் அது விழுந்துவிடவும் கூடும். மேலே இருப்பவர் பிள்ளையாக இருந்தால் ஆபத்து இரண்டு உயிர்களுக்கு. சூடேறிய குதிரைக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது, குளிர்ந்த நீரை ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்பன பழைய நம்பிக்கைகள். 1996 ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக் போட்டிகள் கடும் வெப்பத்தில் நடக்கவிருந்ததால் அதையொட்டிச் செய்யப்பட்ட ஆய்வுகள், நிறையக் குளிர்ந்த நீரை இடைவிடாமல் ஊற்றுவதே மிக விரைவாகவும் பாதுகாப்பாகவும் குதிரையைக் குளிர்விக்கும் என்று காட்டின. அந்த உரிமையாளரிடம் மிருக வைத்தியரை அழைக்கும்படி பணிவாகக் கேட்டுக்கொண்டு, பங்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். வீடு திரும்பும் வழியெல்லாம் மகள் அழுதாள். அந்த அழகான விலங்கை நினைத்து எனக்கும் மனம் கனத்தது.

இப்போது நாங்கள் இருக்கும் லாயம் இதற்கு நேர்மாறானது. அங்கே எங்களுக்கு முதலில் கிடைத்தது மறுப்புத்தான். சவாரி வகுப்பில் எத்தனை தரம் அமர்ந்திருக்கிறாள் என்பதைவிட, தரையில் நின்று குதிரையைக் கையாளத் தெரியுமா என்பதே அவர்களுக்கு முக்கியமாக இருந்தது. இடப்புறமிருந்து அணுகிக் கழுத்துப்பட்டை மாட்டச் சொன்னார்கள். இழுத்தவுடன் அவிழும் முடிச்சைப் போடச் சொன்னார்கள். நான்கு குளம்புகளையும் தூக்கித் துப்புரவாக்கச் சொன்னார்கள். கயிற்றை அவள் தன் கையைச் சுற்றி எடுத்தபோது உடனே நிறுத்தி, குதிரை மிரண்டு ஓடினால் அந்தச் சுற்று விரல்களை இறுக்கிக் கையையே இழுத்துக்கொண்டு போகும் என்று விளக்கினார்கள். ஒரு மாதம் வந்து தரை வேலையைப் பழகட்டும், பிறகு பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த மாதத்துக்குப் பங்குக் கட்டணம் வாங்கவில்லை. என் கணிப்பில், ஒரு லாயத்தை நம்பலாமா என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் அறிகுறி வேறில்லை.

மகளுக்குக் கிடைத்திருப்பது 14 கை, அதாவது 56 அங்குல உயரமுள்ள ஒரு வயது முதிர்ந்த பெண் குதிரை. இந்தியாவின் மார்வாரி இனம் கலந்தது என்கிறார் உரிமையாளர். காது நுனிகள் ஒன்றையொன்று நோக்கி வளைந்திருப்பதைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. சேணத்தோடு சேர்த்துச் சவாரி செய்பவரின் நிறை குதிரையின் நிறையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலான வரம்பு. இந்த லாயம் நம் காலநிலையையும் குதிரையின் வயதையும் எண்ணி அதை ஆறில் ஒரு பங்காகக் குறைத்துள்ளது. ஏறத்தாழ 350 கிலோ நிறையுள்ள இக்குதிரைக்கு அது சேணத்தோடு 58 கிலோ. வளரும் பிள்ளை அந்த வரம்பைத் தொட்டதும் பங்கு வேறொரு குதிரைக்கு மாற்றப்படும் என்பது உடன்படிக்கையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பத்தியை மகள் பலமுறை வாசித்தாள். குதிரையை விட்டுப் பிரிய நேரும் என்ற கவலை அவளுக்கு. நேர்மையான ஏற்பாடு என்ற நிறைவு எனக்கு.

சேண அறையின் வாசலில் வெப்பமானியும் ஈரப்பதமானியும் மாட்டப்பட்டிருக்கின்றன. பரனைற் அளவில் வெப்பநிலையையும் ஈரப்பத விகிதத்தையும் கூட்டி, 150 ஐத் தாண்டினால் வேலையைக் குறைக்க வேண்டும், 180 ஐ எட்டினால் சவாரியே கூடாது என்பது குதிரைக்காரர்களிடையே வழங்கும் கணக்கு. கொழும்பில் இந்தக் கூட்டுத்தொகை 150 க்குக் கீழே இறங்குவதே அரிது. 88 பாகை வெப்பமும் 80 சதவீத ஈரப்பதனும் நம் ஊரில் சாதாரணம், கூட்டினால் 168. அதிகாலையில் வெப்பம் தணிந்தாலும் ஈரப்பதன் ஏறிவிடுவதால் தொகை பெரிதாகக் குறைவதில்லை. வெயில் இல்லை என்பதே அப்போதுள்ள ஆறுதல். எனவே இங்கே சவாரி காலை ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடிகிறது. பாதி நேரம் நடை, இடையிடையே சிறு ஓட்டம். இறங்கியதும் குழாய் நீர் கழுத்திலும் மார்பிலும் கால்களின் உட்புறத்திலும் ஊற்றப்படுகிறது. வாளியில் குடிநீரும் ஆயத்தமாக இருக்கிறது. அந்தக் கூட்டுத்தொகை மிக ஏறிய நாட்களில் சவாரி கிடையாது. வந்த பிள்ளை துலக்கிவிட்டு, கையில் பிடித்து நடத்திவிட்டுப் போகலாம். அந்நாட்களுக்குப் பணம் திருப்பித் தரப்படுவதில்லை என்று சில பெற்றோர் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். குதிரை அந்நாட்களிலும் தின்கிறது, குடிக்கிறது, பராமரிக்கப்படுகிறது. ஆகையால் அந்தக் குறையில் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தடை தாண்டலுக்கும் அங்கே இப்போதைக்கு இடமில்லை. 2021 இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் மத்தில்டா கார்ல்சன் இலங்கைக் கொடியின் கீழ் குதிரைத் தாண்டலில் போட்டியிட்டதிலிருந்து அவருடைய படம் எங்கள் மகளின் மேசைக்கு மேலே இருக்கிறது. அவளுக்குத் தடைகள் மீதுதான் கண். ஆனால் முதிர்ந்த மூட்டுகளைக் கொண்ட குதிரை தாண்டக் கூடாது என்று மிருக வைத்தியர் சொல்லியிருப்பதால், தாண்டலைத் தனி வகுப்பில் வேறு குதிரையில்தான் பழகலாம்.

தீனி விடயத்தில் அவர்களுடைய அறிவு என்னைக் கவர்ந்தது. நம் ஊரில் குதிரைக்கு எளிதில் கிடைப்பது கினிப்புல்லும் கோ-3 புல்லும். இவ்வகை வெப்பவலயப் புற்களில் உள்ள ஒக்சலேற்று, கல்சியத்தைக் குதிரையின் உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. அதோடு பொசுபரசு மிகுந்த அரிசித் தவிட்டையும் அள்ளி வைத்தால், குறைந்த கல்சியத்தை உடல் எலும்பிலிருந்தே எடுத்து, நாளடைவில் முக எலும்பு வீங்கிக் கால்களும் நொண்டத் தொடங்கும். இங்கே தவிடு அளந்துதான் வைக்கப்படுகிறது. கல்சியம் தனியாகச் சேர்க்கப்படுகிறது. புல் நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் கிடைக்கிறது. குதிரைக்கு வாந்தி எடுக்க இயலாது என்பதையும், வயிற்றுவலி அதன் உயிரையே பறிக்கக்கூடிய நோய் என்பதையும் மகளுக்கு அங்கு வேலை செய்யும் முதியவர்தான் கற்றுக்கொடுத்தார். அவள் அவரை அங்கிள் என்று அழைப்பாள். அவர் சிங்களத்தில் சொல்ல, அவள் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் திருப்பிக் கேட்டு, வீட்டுக்கு வந்து தமிழில் குறிப்பெழுதுவாள்.

குறைகளும் உள்ளன. தென்மேல் பருவமழைக் காலத்தில் சவாரித் திடலின் ஒரு பக்கம் நீர் தேங்கிச் சேறாகிறது. வடிகால் வெட்டுவதாகச் சொல்லியும் இன்னும் வெட்டவில்லை. அந்த ஈரத்தில் நின்ற குதிரைகளுக்குக் குளம்பின் அடியில் அழுகல் வந்தது; எங்கள் பங்குக் குதிரைக்கும் ஒரு காலில் வந்து, நாற்றம் போகும்வரை நாள்தோறும் சுத்தம் செய்து மருந்திட வேண்டியிருந்தது. கவனமாகப் பார்த்தார்கள், ஆனாலும் வடிகால் இருந்திருந்தால் வந்திராது. லாடம் அடிப்பவர் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை வர வேண்டியவர். நாட்டில் அந்தத் தொழில் தெரிந்தவர்கள் மிகச் சிலர் என்பதால் சிலவேளை தாமதமாகிறது. இரவலாகக் கொடுக்கும் தலைக்கவசங்களைப் பிள்ளைகளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கொழும்பின் ஈரத்தில் உட்புறம் பூஞ்சணம் பிடித்திருக்கிறது, எது எத்தனை தரம் விழுந்தது என்ற பதிவும் இல்லை. ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை மாற்றிவிட வேண்டும். ஏஎஸ்டிஎம் எஃப்1163 போன்ற குதிரைச் சவாரித் தர முத்திரை உள்ள ஒன்றை வெளிநாட்டு உறவினர் மூலமாவது எடுப்பியுங்கள். சைக்கிள் கவசமும் கிரிக்கெட் கவசமும் இதற்கு உதவாது. குதிகால் உள்ள சப்பாத்தும் அவசியம், இல்லாவிடில் விழும்போது கால் அங்கவடிக்குள் சிக்கிவிடும்.

கட்டணம் மலிவென்று சொல்ல முடியாது. வாரத்தில் இரண்டு நாட்களுக்கான மாதப் பங்கு, இரு பாடங்களுக்கு ஆசிரியரை வீட்டுக்கு அழைக்கும் டியூஷன் செலவை நெருங்குகிறது. தீனியும் லாடமும் அதற்குள் அடக்கம்; மிருக வைத்தியச் செலவு உரிமையாளருடையது, பங்காளரின் கவனக்குறைவால் வந்த காயமானால் மட்டும் பாதி எங்களுடையது. பிள்ளைக்கு விபத்துக் காப்புறுதி நாங்களே எடுக்க வேண்டும். ஏற்புவலித் தடுப்பூசி போட்டதற்கான அட்டையையும் காட்ட வேண்டும், லாய மண்ணில் அந்தக் கிருமி சாதாரணம் என்பதால். இவையெல்லாம் இரண்டு பக்க உடன்படிக்கையில் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழிலோ சிங்களத்திலோ பிரதி இல்லை என்பது ஒரு குறை. வெள்ளவத்தையிலிருந்து விடிகாலையில் போவது எளிது. திரும்பும்போது நெரிசலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகிவிடும். பெற்றோர் இருப்பதற்கு ஒரு கொட்டகை உண்டு. கழிப்பறை ஒன்றுதான், அதுவும் திடலின் மறுகோடியில்.

விடுமுறைக்கு மட்டும் குதிரையேற விரும்பும் பிள்ளைக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது; சாணம் அள்ளுவதை முகம் சுளிக்காமல் செய்யும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான இடத்தைக் கொழும்பைச் சுற்றி நான் காணவில்லை. சேர நினைப்பவர்கள் முதலில் ஞாயிறு காலை தீனி நேரத்தில் போய், எந்தக் குதிரை எவ்வளவு தின்கிறது, எது ஒதுங்கி நிற்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். பார்வையாளரை அவர்கள் தடுப்பதில்லை. பாடசாலைப் பரீட்சைக் காலத்தில் இடத்தை இழக்காமலே பங்கை வாரத்தில் ஒரு நாளாகக் குறைத்துக்கொள்ள உடன்படிக்கையில் வழியுண்டு, ஒரு மாதம் முன்னதாக எழுத்தில் அறிவித்தால் போதும். அடுத்த ஆண்டு சாதாரண தரப் பரீட்சைக்காக அப்படிக் குறைத்துக்கொள்ள மகள் சம்மதித்திருக்கிறாள். அவள் விடும் நாளை, இப்போது தரை வேலை பழகிக்கொண்டிருக்கும் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கொடுப்பதாக லாயம் சொல்லியிருக்கிறது.