கழிமுகத்தில் ஏழு ஆண்டுகள்: ஒரு கோல், ஒரு ரீல், பல லூர்கள்

ஆற்றின் நன்னீர்ப் பகுதி, அலையாத்தி மரங்கள் நெருங்கி நிற்கும் ஓடைகள், கடலோடு கலக்கும் கழிமுகம் ஆகிய மூன்று நீர்நிலைகளிலும் ஒரே தூண்டில் கோலையும், தூண்டில் நூலைச் சுற்றும் ஒரே ரீலையும் கொண்டு ஏழு ஆண்டுகளாக லூர் எனப்படும் செயற்கை இரையை வீசி மீன்பிடித்து வருகிறேன். பொருளை வாங்கிய முதல் மாதத்தில் எழுதப்படும் மதிப்புரைகளில் எல்லாக் கோலும் நல்ல கோலாகவும் எல்லா ரீலும் மென்மையாகச் சுழலும் ரீலாகவும்தான் தெரியும். உப்பும் மணலும் ஆளிச் சிப்பிகளின் விளிம்பும் பல பருவங்கள் வேலை செய்த பிறகு எது நிலைத்தது, எது தேய்ந்தது என்பதைச் சொல்லும் குறிப்புகளைத்தான் நான் தொடங்கிய காலத்தில் தேடினேன். அவை எளிதில் கிடைக்கவில்லை. இந்த அனுபவத்தை விரிவாக எழுதுவதற்கு அதுவே காரணம்.

கோல் ஏழு அடி நீளம் கொண்டது, கிராஃபைட்டால் ஆனது, இரண்டு துண்டுகளாகக் கழற்றக்கூடியது. இதன் தாங்குதிறன் 2 முதல் 4 கிலோ வரை என்றும், 3 முதல் 14 கிராம் வரையுள்ள லூர்களை வீசலாம் என்றும் அடித்தண்டில் குறிக்கப்பட்டிருக்கிறது. எடையைப் பொறுத்த வரையில் அந்தக் குறிப்பு நேர்மையானது. 5 கிராமுக்கும் 10 கிராமுக்கும் இடையில் இந்தக் கோல் மிக நன்றாக வீசுகிறது. 3 கிராமில் எதிர்க்காற்று இருந்தால் தூரம் கிடைப்பதில்லை. நுனி மட்டும் வளைந்து கீழ்ப்பகுதி விறைப்பாக நிற்கும் வகை என்பதால், மரவேருக்கு அருகில் மீன் கவ்வியதும் அதை உடனே வெளியே திருப்ப முடிகிறது. ஓடைகளில் இந்த ஒரு குணத்துக்காகவே இதை மாற்றாமல் வைத்திருக்கிறேன்.

கோலில் எனக்குப் பெரும் இழப்பை ஏற்படுத்தியது தண்டு அன்று, நரம்பு (தூண்டில் நூல்) ஓடும் நுனி வளையம். மூன்றாம் ஆண்டில் ஒரே காலையில் மூன்று நல்ல மீன்கள் நரம்பை அறுத்துக்கொண்டு போயின. முடிச்சு சரியில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி கட்டினேன். வீட்டுக்கு வந்து ஒரு துண்டுப் பஞ்சை ஒவ்வொரு வளையத்தின் உள்ளேயும் சுற்றிப் பார்த்தபோதுதான் நுனி வளையத்தின் பீங்கான் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் பஞ்சின் இழையைப் பிடித்தது. அந்த விரிசல் மெல்லிய பின்னல் நரம்பைச் சிறிது சிறிதாக அரிந்துகொண்டிருந்திருக்கிறது. நுனி வளையத்தை மாற்றுவது சிறு வேலைதான்; சூடாக்கிப் பழையதைக் கழற்றி, சூட்டில் இளகும் பசையால் புதியதை ஒட்டிவிடலாம். அன்று முதல் மாதம் ஒருமுறை பஞ்சுச் சோதனை செய்கிறேன். கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும் என்பதையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். இடி கேட்டால் கோலை இறக்கி வைத்துவிட்டுக் கரையேறிவிடுவது, மின்கம்பிகளுக்குக் கீழே வீசாமலிருப்பது ஆகிய இரண்டிலும் நான் எந்த விலக்கும் வைத்துக்கொள்வதில்லை.

ரீல் 2500 அளவுடைய ஸ்பின்னிங் வகை. பற்சக்கர விகிதம் 6.2:1 என்பதால் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் நரம்பு உள்ளே வருகிறது. மென்பிளாஸ்டிக் லூரைத் தூக்கி இறக்கி ஆட்டும்போது இடையில் தொய்யும் நரம்பை விரைந்து சுருட்ட இது உதவுகிறது. முதல் ஆண்டில் இந்த ரீலுக்கு நானே தீங்கு செய்தேன். உப்பைப் போக்கும் எண்ணத்தில் ஒவ்வொரு முறையும் குழாயை முழு வேகத்தில் திறந்து கழுவினேன். நீரின் அழுத்தம் உப்பை வெளியேற்றுவதற்குப் பதிலாக உள்ளே செலுத்தியது. சில மாதங்களில் கைப்பிடியைச் சுற்றும்போது மணலரைப்பது போன்ற உணர்வு வந்தது. பிரித்துப் பார்த்தால் கிரீஸ் பால்போல வெளுத்திருந்தது. பற்சக்கரம் தப்பியது, இரண்டு பேரிங்குகள் போயின. இப்போது, மீன் இழுத்தால் நரம்பை அளவோடு வெளியே விடும் டிராக்கின் திருகை இறுக மூடி, நீர் டிராக் தகடுகளுக்குள் புகாதவாறு செய்து, மெல்லிய தூறலாக நன்னீரைத் தெளித்து, துணியால் துடைத்து நிழலில் உலர விடுகிறேன். உலர்ந்த பின் டிராக்கை முழுவதும் தளர்த்தி வைப்பது முக்கியம். இறுக்கியே வைத்தால் தகடுகள் அமுங்கி, மீன் இழுக்கும்போது டிராக் ஒரே சீராக விடாமல் தயங்கித் தயங்கி விடும். அந்த ஒரு கணத் தயக்கத்தில்தான் லீடர் (நரம்புக்கும் லூருக்கும் இடையில் கட்டும் தனி இழை) அறுகிறது.

கழிமுகத்தில் பயன்படும் எந்த ரீலிலும் முதலில் சாகும் உறுப்பு நரம்பைச் சுருளுக்கு வழிநடத்தும் பெயில் கம்பியின் முனையிலுள்ள சிறு உருளையான லைன் ரோலர்தான் என்பது என் உறுதியான கருத்து. உப்புநீரில் நனைந்த நரம்பு முழுவதும் அதன் மேல்தான் ஓடி வருகிறது. ஏழு ஆண்டுகளில் அதன் பேரிங்கை மூன்று முறை மாற்றினேன். கீச்சென்று ஒலி வரத் தொடங்கினாலோ, நரம்பு ரோலரின் மேல் உருளாமல் வழுக்கினாலோ காத்திருக்கக் கூடாது. சுழலாத ரோலர் நரம்பை முறுக்கேற்றும். முறுக்கேறிய நரம்பு வீசும்போது கொத்தாகச் சிக்கிக்கொள்ளும். இரண்டு பயணத்துக்கு ஒருமுறை ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் பேரிங்கின் ஆயுள் வெகுவாக நீளுகிறது. ரீல் வாங்கும்போது மொத்தம் எத்தனை பேரிங் என்று எண்ணுவதைவிட, இந்த ஒரு பேரிங்கை நாமே கழற்றி மாற்ற முடியுமா என்று பார்ப்பது பயன் தரும்.

நரம்பைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. தங்கூசி என்று நாம் சொல்லும் நைலான் நரம்பிலிருந்து பின்னல் நரம்புக்கு மாறியதுதான் இந்த ஏழு ஆண்டுகளில் நான் செய்த மிகப் பயனுள்ள மாற்றம். பாலிஎத்திலீன் இழைகளால் பின்னப்பட்ட இந்த நரம்புக்கு பிஇ என்ற அளவு முறை உண்டு. எண் 1 என்றால் விட்டம் ஏறத்தாழ 0.165 மில்லிமீட்டர். அதே வலிமையுள்ள தங்கூசி இதைவிடத் தெளிவாகப் பருமனாக இருக்கும். மெல்லியதாக இருப்பதால் சிறு லூரும் தூரமாகப் போகிறது. மிகக் குறைவாகவே நீள்வதால் லூர் மணலைத் தொடுகிறதா, சேற்றைத் தொடுகிறதா, ஆளிப் படுகையில் உரசுகிறதா என்பது விரலுக்கு வந்து சேர்கிறது. தங்கூசி நீரை உறிஞ்சும், இழுத்தால் நன்றாக நீளும். அதனால் அந்தச் செய்தியின் பெரும்பகுதி வழியிலேயே தொலைந்துவிடும்.

ஆனால் இதே நரம்புக்கு உராய்வைத் தாங்கும் திறன் குறைவு. இழுவிசையில் இருக்கும் பின்னல் நரம்பு ஒரு ஆளியின் விளிம்பைத் தொட்டாலே போதும், கத்தி பட்டதுபோல அறுந்துவிடும். ஆகவே ஃபுளூரோகார்பன் லீடர் இல்லாமல் கழிமுகத்தில் வீசுவதில் பொருளில்லை. திறந்த நீரில் 6 கிலோ லீடரும் வேர்களுக்கு இடையில் 9 கிலோ லீடரும் கட்டுகிறேன். நீளம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். கொடுவா மீனின் செவுள் மூடியின் விளிம்பு மிகக் கூர்மையானது என்பதால், அது இருக்கும் நீரில் லீடரை இன்னும் தடிப்பாக்குகிறேன். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லீடரின் கடைசி ஒரு சாண் நீளத்தை விரல்களுக்கு இடையில் இழுத்துப் பார்த்து, சொரசொரப்புத் தட்டினால் வெட்டி மீண்டும் கட்டிவிட வேண்டும். சோம்பலால் இதைத் தள்ளிப்போட்ட நாட்களில்தான் நல்ல மீன்களை வாயில் கொக்கியோடு இழந்திருக்கிறேன். அது மீனுக்கும் செய்யும் தீங்கு.

பின்னல் நரம்பையும் லீடரையும் இணைக்க எஃப்ஜி முடிச்சைக் கற்றுக்கொள்ளப் பல மாலைகள் ஆயின. பின்னல் நரம்பு லீடரின் மேல் மாறி மாறிச் சுற்றி, இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு அது. மெலிதாக இருப்பதால் வளையங்களுக்குள் தடையின்றி ஓடிவிடுகிறது. காற்றடிக்கும் படகில் அதைக் கட்ட முடியாதபோது இரட்டை யூனி முடிச்சு போதுமானது. இன்னொன்று: பாலிஎத்திலீன் வழுக்கும் பொருள் என்பதால் நரம்பு சுற்றும் உருளையான ஸ்பூலில் நேரடியாகச் சுற்றினால் மொத்தச் சுருளும் சுழன்றுவிடும். அடியில் சில மீட்டர் தங்கூசியைச் சுற்றிவிட்டு அதன் மேல் பின்னல் நரம்பைச் சுற்ற வேண்டும். ஸ்பூலின் விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் கீழே நிறுத்த வேண்டும். மூன்று ஆண்டுகள் கழித்து மேற்பகுதி வெளுத்து இழை பிரியத் தொடங்கியபோது, முழுவதையும் வேறொரு ஸ்பூலுக்கு மாற்றி மறுபுறமாகச் சுற்றினேன். வெளிச்சமே படாமல் அடியில் கிடந்த பாதி மேலே வந்து, மேலும் மூன்று ஆண்டுகள் உழைத்தது.

டிராக்கை இப்போது கைக்கணக்கில் வைப்பதில்லை. தொங்கு தராசில் நரம்பை மாட்டி இழுத்து 1.2 கிலோவில் நிறுத்துகிறேன். நரம்பு அதிகம் தாங்கும் என்றாலும் கோல் தாங்க வேண்டுமே.

லூர்களில் வாங்கிக் குவித்த காலம் ஒன்று இருந்தது. இன்று பெட்டியில் நான்கு வகைகள்தான் இருக்கின்றன: மூழ்குதட்டு வைத்த, சிறுமீன் வடிவிலான மின்னோ, எடை வைத்த கொக்கியான ஜிக் ஹெட்டில் கோத்த மென்பிளாஸ்டிக், நீர்மேல் ஓடும் பாப்பர், கரண்டி வடிவ உலோக லூரான ஒரு சிறிய ஸ்பூன். மின்னோ வகையின் வரலாறு எனக்கு எப்போதும் ஊக்கம் தருவது. பின்லாந்தின் மீனவர் லாரி ரபாலா, கூட்டத்தில் சற்றே தடுமாறி நீந்தும் சிறுமீனைத்தான் வேட்டைமீன்கள் தேர்ந்தெடுக்கின்றன என்பதைக் கவனித்து, 1936இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றும் மின்னும் உலோகத் தாளால் போர்த்தி அந்தத் தடுமாற்றத்தை உண்டாக்கினார். அந்த ஆட்டம்தான் லூரின் உயிர். பாறையில் மோதி முன் வளையம் சிறிது கோணினாலே லூர் ஒரு பக்கமாக ஓடத் தொடங்கும்; எந்தப் பக்கம் விலகுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக வளையத்தை இடுக்கியால் மயிரிழை அளவு வளைத்தால் நேராகிவிடும். கெட்டுவிட்டது என்று நான் ஒதுக்கி வைத்திருந்த மின்னோக்களில் பெரும்பாலானவை இந்தச் சிறு திருத்தத்தில் மீண்டன.

மீன் எண்ணிக்கையில் என் குறிப்பேட்டின்படி மென்பிளாஸ்டிக்கே முன்னால் நிற்கிறது. குறையும் அதில்தான் அதிகம்: வால் கடிபட்டுப் போகும், வேரில் சிக்கினால் மட்காமல் நீரிலேயே கிடக்கும். வெவ்வேறு மூலப்பொருளாலான மென்பிளாஸ்டிக்குகளை ஒரே பெட்டியில் போட்டு வெயிலில் விட்டதால் இரண்டும் உருகி ஒட்டிப்போன அனுபவமும் உண்டு. அவற்றை வாங்கிய உறையிலேயே வைப்பதுதான் சரி. ஈரமான ஒரு லூரைப் பெட்டிக்குள் போட்டால் அதன் துரு மற்றவற்றின் கொக்கிகளுக்கும் பரவும். பயணம் முடிந்ததும் எல்லாவற்றையும் நன்னீரில் அலசி உலர்த்திய பிறகே அடுக்குகிறேன்.

லூரோடு வரும் மும்முள் கொக்கிகளை இப்போது நான் உடனே கழற்றி ஒற்றைக் கொக்கிகளை மாட்டிவிடுகிறேன். அவற்றின் எதிர்முள்ளையும் இடுக்கியால் நசுக்கிவிடுகிறேன். பிடிக்கும் மீன்களில் பெரும்பாலானவற்றைத் திரும்ப விடுவதே என் வழக்கம். கொக்கி ஒரு கணத்தில் கழன்றால்தான் மீன் பிழைக்கும். முதல் சில மாதங்களில் தவறவிட்ட மீன்கள் கூடியதுபோலத் தோன்றியது. நரம்பைத் தொய்யவிடாமல் பிடிக்கப் பழகியதும் அந்த வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. மீனை ஈரக் கையால் தொடுவது, அதன் உடலின் வழவழப்புப் படலம் கெடாமல் பார்ப்பது, எடை பார்க்கத் தாடையில் தொங்கவிடாமல் வயிற்றைத் தாங்கிப் பிடிப்பது ஆகியவையும் இதோடு சேர்ந்தவை. கொடுவா ஆணாகப் பிறந்து பின்னர் பெண்ணாக மாறும் மீன். பெரிய மீன்கள் பெரும்பாலும் முட்டையிடும் தாய்கள். அதை அறிந்த பின் பெரிய கொடுவாவை வீட்டுக்குக் கொண்டுவர எனக்கு மனம் வருவதில்லை.

எந்தக் கருவியானாலும் நீரின் ஓட்டத்தோடு சேர்த்துத்தான் மதிப்பிட முடியும். பெரும்பாலான கடற்கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகும். அதனால் நீர் வற்றும் நேரம் நாள்தோறும் 50 நிமிடம்போலத் தள்ளிப்போகும். வற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரத்தில், ஓடை வடியும் வாயில், 7 கிராம் ஜிக் ஹெட்டை ஓட்டத்தின் குறுக்கே வீசி அது அடியைத் தொட்டு உருண்டு வரும்படி விடுவதுதான் இந்தக் கோலுக்கும் ரீலுக்கும் மிகவும் பொருந்திய வேலை. ஒதுங்க வழியில்லாமல் வெளியேறும் இறால்களுக்கும் சிறுமீன்களுக்கும் வேட்டைமீன்கள் அங்கேதான் காத்திருக்கின்றன. மழைக்குப் பிறகு கலங்கிய நன்னீர் மேலேயும், கனமான உப்புநீர் கீழேயும் அடுக்காக ஓடும். அப்போது பாப்பரையும் மின்னோவையும் பெட்டியில் வைத்துவிட்டு, அடிக்குப் போகும் லூரை மட்டும் வீசுகிறேன்.

இந்தத் தொகுப்பு பொருந்தாத இடமும் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பேரோட்டத்தில், ஆற்றுவாயின் ஆழமான பகுதியில், 14 கிராமுக்கு மேல் எடையில்லாமல் லூர் அடியைத் தொடாது. அதை இந்தக் கோல் வீசத் திணறுகிறது. அங்கே பெரிய பாறை மீன் கவ்வினால் நிறுத்தவும் முடியாது. நீண்ட நேரம் போராடவிட்டு மீனைக் களைக்கச் செய்வது சரியில்லை என்பதால் அந்த இடத்துக்கு இதைக் கொண்டுபோவதை நிறுத்திவிட்டேன். ஈய ஜிக் ஹெட்டுகளை நீரில் இழப்பதும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஈயத்தைவிட அடர்த்தியான டங்ஸ்டன் ஜிக் ஹெட்டுகள் சிலவற்றை இந்தப் பருவத்தில் பயன்படுத்தத் தொடங்கியிருக்கிறேன். அதே எடை சிறிய உருவில் அடங்குவதால் விரைவாக மூழ்குகின்றன, அடியின் தன்மையையும் கூர்மையாக உணர்த்துகின்றன. அவற்றின் பூச்சு உப்பில் எத்தனை நாள் நிற்கிறது என்பதை இன்னும் இரண்டு பருவங்கள் பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன்.