ஜூலை மாதப் பட்டியலில் எதைப் பார்ப்பது?

அமெரிக்க பேஸ்பால் லீக்கில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு சீசனில் 162 ஆட்டங்கள். மார்ச் கடைசியில் ஆரம்பித்துச் செப்டம்பர் கடைசி வரை கிட்டத்தட்ட தினமும் ஆட்டம்தான். ஜூலை வரும்போது பாதி சீசன் தாண்டியிருக்கும். நம் அணியும் போட்டி அணியும் ஒன்றிரண்டு ஆட்ட இடைவெளியில் முட்டிக்கொண்டிருந்தால், எழுந்ததும் கை தானாகப் புள்ளிப்பட்டியலுக்குப் போகும். டொராண்டோ புளூ ஜேஸ் அணியின் இரவு ஆட்டம் இந்திய நேரப்படி அதிகாலை நாலரை மணி வாக்கில்தான் தொடங்கும் என்பதால், காபி குடிக்கும்போது பாதி ஆட்டம் இன்னும் பாக்கி இருக்கும். அதுவரை பட்டியல்தான் துணை.

பட்டியலில் எண்களுக்குப் பஞ்சமில்லை. எதை நம்புவது என்பதில்தான் சண்டை. ஜூலையில் முதலில் பார்க்க வேண்டியது நேருக்கு நேர் கணக்கு (போட்டி அணியோடு மோதிய ஆட்டங்களில் யார் அதிகம் ஜெயித்தது) என்பது என் கட்சி. 2025 சீசனையே வைத்து மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எல்லோரும் முதலில் பார்ப்பது, முதலிடத்துக்கு எத்தனை ஆட்டம் பின்னால் இருக்கிறோம் என்பதை. வெற்றிகளின் வித்தியாசத்தையும் தோல்விகளின் வித்தியாசத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் அந்த எண் கிடைக்கும். பார்த்ததும் புரிகிற எண். ஆனால் அது இன்றைய தூரத்தை மட்டும்தான் சொல்லும். 2025 ஜூலையில் கிளீவ்லேண்ட் கார்டியன்ஸ் டெட்ராய்ட் டைகர்ஸைவிட பதினைந்தரை ஆட்டம் பின்னால் இருந்தது. அதற்குச் சற்று முன்புதான் தொடர்ந்து 10 ஆட்டம் தோற்று 40-48 (40 வெற்றி, 48 தோல்வி) என்று கிடந்தது. முடிவில் கார்டியன்ஸ் 88-74, டைகர்ஸ் 87-75. டிவிஷன் (ஐந்து அணிகள் கொண்ட பிரிவு) பட்டம் கிளீவ்லேண்டுக்கு. அவ்வளவு பெரிய இடைவெளியை அதற்கு முன் எந்த அணியும் கடந்து பட்டம் வென்றதில்லை. நியூயார்க் மெட்ஸுக்கோ நேர்மாறு. ஜூன் 12 அன்று 45-24, எல்லா அணிகளிலும் அதுதான் முதல் இடம். கடைசியில் 83-79, பிளேஆஃப்புக்கு வெளியே.

தோல்விக் கணக்கை மட்டும் பார் என்பார்கள் பழைய ரசிகர்கள். மழையால் தள்ளிப்போன ஆட்டத்தை அப்புறம் ஆடி ஜெயிக்கலாம், ஆனால் வாங்கிய தோல்வியை அழிக்க முடியாது என்பது அவர்கள் நியாயம். செப்டம்பரில் இது சரிதான். ஜூலைத் தொடக்கத்தில் ஆட வேண்டிய ஆட்டம் எழுபதுக்கு மேல் இருக்கும்போது, ஒரு தோல்வி கூடுதலா குறைவா என்பதை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்லிவிட முடியாது.

ரன் வித்தியாசத்தை நான் மதிக்கிறேன். எடுத்த ரன்களிலிருந்து கொடுத்த ரன்களைக் கழித்தால் ஓர் அணியின் உண்மையான பலம் ஓரளவு தெரிந்துவிடும். 2021-ல் சியாட்டில் மரினர்ஸ் 90 ஆட்டம் ஜெயித்தும் ரன் கணக்கில் மைனஸ் 51. 2012-ல் பால்டிமோர் ஓரியோல்ஸ் 93 வெற்றி, வித்தியாசம் வெறும் 7. ஒரு ரன்னில் முடிந்த ஆட்டங்களில் மட்டும் 29-9. இப்படி நெருக்கத்தில் ஜெயிப்பது அடுத்த ஆண்டும் தொடரும் என்று நம்ப முடியாது. இன்னொரு விஷயம், 12 ரன் பின்தங்கிய அணி நல்ல பிட்சர்களை (பந்து வீசுபவர்களை) வீணாக்காமல் ஒரு ஃபீல்டரையே பந்து வீச விடும். அந்த இன்னிங்ஸில் குவியும் ரன்களும் இந்தக் கணக்கில் ஏறும். ஆகவே ஓர் அணியை எடைபோட இது உதவும், பந்தயத்தின் முடிவைச் சொல்லாது.

ஐபிஎல் பார்த்துப் பழகியவர்கள் இங்கே கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். அங்கே புள்ளிகள் சமமானால் நெட் ரன் ரேட் தீர்த்துவைக்கும். பேஸ்பாலில் ரன் வித்தியாசத்துக்கு அந்த வேலையே இல்லை. 2025-ல் டொராண்டோ புளூ ஜேஸும் நியூயார்க் யாங்கீஸும் 94-68 என்று சமமாக முடித்தபோது, யாங்கீஸின் ரன் வித்தியாசம் டொராண்டோவைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அது அவர்களுக்குப் பைசாவுக்கு உதவவில்லை.

அப்புறம் பிளேஆஃப் வாய்ப்புச் சதவீதம். மீதி சீசனைக் கணினியில் ஆயிரக்கணக்கான முறை ஓட்டிப் பார்த்துச் சொல்கிற எண். 2024 ஆகஸ்ட் 10-ல் டைகர்ஸ் 55-63. ஜாக் ஃபிளாஹெர்ட்டி என்ற நல்ல பிட்சரை வேறு டாட்ஜர்ஸுக்கு மாற்றிக்கொடுத்திருந்தார்கள். வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழே. அதன்பின் 31-13 என்று ஆடி உள்ளே நுழைந்தார்கள். கணினியைக் குறை சொல்ல மாட்டேன், அரிதானதும் எப்போதாவது நடக்கும் என்றுதான் அதுவும் சொல்கிறது. ஆனால் 63 சதவீதம் இன்று 58 ஆனது என்பதை வைத்து ஒரு ரசிகர் என்ன செய்வது? எந்த ஆட்டத்தை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று அது சொல்வதில்லை.

நேருக்கு நேர் கணக்கு சொல்லும். முன்பெல்லாம் இரு அணிகள் சமமாக முடித்தால் 163-ஆவதாக ஓர் ஆட்டம் ஆடித் தீர்ப்பார்கள். 2022-லிருந்து அது கிடையாது. பிளேஆஃப்பில் இரண்டு லீக் பிரிவுகளுக்கும் தலா 6 அணிகள் என்று ஆனபோது, இருவரும் மோதிய ஆட்டங்களில் யார் அதிகம் ஜெயித்தார்கள் என்பதே முதல் விதி ஆகிவிட்டது. அந்த நாளிலிருந்து ஜூலை ஆட்டத்தின் மதிப்பே வேறு.

2025 ஜூன் 30 காலையில் டொராண்டோ யாங்கீஸைவிட 3 ஆட்டம் பின்னால். டொராண்டோவின் சொந்த மைதானமான ரோஜர்ஸ் சென்டரில் இரண்டுக்கும் 4 ஆட்டத் தொடர். முதல் நாள் 5-4. ஜூலை 1, கனடா தினம், டொராண்டோவின் ஜார்ஜ் ஸ்பிரிங்கர் இரண்டு ஹோம் ரன் அடித்தார், அதில் ஒன்று எல்லா பேஸும் நிரம்பியிருந்தபோது. அவர் ஒருவரால் மட்டும் 7 ரன், ஆட்டம் 12-5. அடுத்த நாள் 11-9, கடைசி நாள் 8-5. நாலும் டொராண்டோவுக்கு. பட்டியலில் 3 பின்னால் என்பது 1 முன்னால் என்று ஆனது. எல்லோரும் கொண்டாடியது அதைத்தான். ஆனால் அந்த ஒரு ஆட்ட முன்னிலை கடைசி நாளில் இல்லை. யாங்கீஸ் கடைசி 8 ஆட்டங்களையும் ஜெயித்து எட்டிப் பிடித்துவிட்டது. மிஞ்சியது நேருக்கு நேர் 8-5 என்ற கணக்கு மட்டுமே. அந்த நான்கையும் எடுத்துவிட்டால் மீதி 9-ல் யாங்கீஸ்தான் 5-4 என்று முன்னால்!

பலன் சிறியதல்ல. டொராண்டோவுக்கு டிவிஷன் பட்டம், முதல் சுற்று ஆடாமலே ஓய்வு. யாங்கீஸ் அந்த முதல் சுற்றான வைல்டு கார்டு சுற்றில் பாஸ்டனோடு மூன்று ஆட்டம் மல்லுக்கட்டிவிட்டு டொராண்டோவுக்கு வந்தது. அங்கே 10-1, 13-7 என்று இரண்டு அடி. தொடர் 3-1.

கிளீவ்லேண்டின் கதையிலும் இதே சங்கதிதான். செப்டம்பரில் டைகர்ஸோடு மோதிய 6 ஆட்டங்களில் 5 வெற்றி. அதில் ஒன்றில் டெட்ராய்டின் தாரிக் ஸ்கூபல், அவர்கள் லீக் பிரிவின் சிறந்த பிட்சர், மட்டையால் மெல்லத் தட்டிவிடப்பட்ட ஒரு பன்ட் பந்தைக் குனிந்து எடுத்துக் கால்களுக்கு நடுவே பின்பக்கமாக முதல் பேஸுக்கு எறியப் பார்த்துக் கோட்டைவிட்டார். பந்து உள்வட்டத்தைத் தாண்டாமலே ரன்கள் ஏறின. மெட்ஸும் சின்சினாட்டி ரெட்ஸும் 83-79 என்று சமம். இருவரும் மோதிய ஆறில் நான்கை ரெட்ஸ் ஜெயித்திருந்ததால் உள்ளே போனது ரெட்ஸ்.

ஒரு சிக்கல் உண்டு. ஒரே டிவிஷன் என்றால் 13 ஆட்டம், ஒற்றைப்படை என்பதால் முடிவு தெரிந்துவிடும். வைல்டு கார்டுக்கு (டிவிஷன் பட்டம் வெல்லாத அணிகளுக்கான பிளேஆஃப் இடம்) மோதும் வேறு டிவிஷன் அணியோடு 6 ஆட்டம்தான் என்றால் 3-3 ஆகலாம். அப்போது அவரவர் டிவிஷனுக்குள் எப்படி ஆடினார்கள் என்பதைப் பார்ப்பார்கள். ஆகவே ஜூலையில் பட்டியலை மூடிவிட்டு அட்டவணையைத் திறந்து, எந்தப் போட்டி அணியோடு இன்னும் எத்தனை ஆட்டம் பாக்கி, இதுவரை யார் முன்னால் என்று பாருங்கள். தூக்கத்தைத் தொலைத்து எழுந்து பார்க்க வேண்டிய ஆட்டங்கள் அவைதான்.