நிலாவும் மகளும் ஒன்றல்ல: நாகர்கோவில் கொரிய வகுப்பு, மெய்யெழுத்துப் பகுதி

ஆறு ஞாயிற்றுக்கிழமை, நாளுக்கு ஒன்றரை மணி நேரம். அதற்குள் கொரிய மொழியின் 19 மெய்யொலிகளையும் முடிக்கிறார்கள். எழுத்து வடிவத்தைச் சொல்லித்தருவதில் குறையே இல்லை. செஜோங் மன்னர் 1446-இல் வெளியிட்ட எழுத்துமுறை இது. 'ந' ஒலிக்கான எழுத்து, மேலே தொடும் நாக்கு நுனியின் படம்தான் என்று பலகையில் வரைந்து காட்டுகிறார்கள். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

மூன்றாம் வாரத்துக்காகவே இந்த வகுப்பில் சேரலாம். நிலா, மகள், முகமூடி மூன்றுக்குமான கொரியச் சொற்கள் நம் காதில் 'தால்' என்றே விழும். வேறுபாடு முதல் மெய்யில் மட்டும். நிலாவை நினைத்துத் தமிழ்த் 'த' போட்டுச் சொன்னால் கொரியர் காதில் மகளாகிவிடும். சொல்லின் முதலில் நம் 'த' மூச்சில்லாமல் வருவதால் அவர்களுடைய இறுக்கமான ஒலியை ஒட்டி நிற்கிறது. நிலாவுக்குத் தொண்டையைத் தளர்த்தி, குரலைத் தாழ்த்தித் தொடங்கி, கொஞ்சம் மூச்சு விட வேண்டும். முகமூடிக்குக் குரல் உயரும், மூச்சு பலமாக வரும். உதட்டுக்கு நாலு விரல் தள்ளி டிஷ்யூ தாளைப் பிடிக்கச் சொல்கிறார்கள்: மகளுக்கு அசையாது, நிலாவுக்கு லேசாக ஆடும், முகமூடிக்கு விலகிப் போகும்.

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு சலுகை உண்டு. மலையாளத்தின் க, த, ப வரிசைகளில் இரண்டாம் எழுத்தைச் சரியாகச் சொல்லத் தெரிந்தால் மூச்சொலிகள் பாதி வந்த மாதிரிதான். 'ப' வரிசையில் மட்டும் கவனம்; மேற்பல் கீழுதட்டைத் தொட்டால் அது 'ஃப' ஆகிவிடும், கொரிய மொழியில் அந்த ஒலி கிடையாது.

குறை, கையில் கொடுக்கும் தாள். உச்சரிப்பு முழுக்க ஆங்கில எழுத்தில் இருக்கிறது. இறைச்சிக்கான 'கோகி'யில் இரண்டாவது மெய் 'தங்கம்' என்பதில் வரும் 'க'. 'மகன்' என்பதில் வருவதுபோல் காற்றாகக் கரைந்துவிடக் கூடாது. இதைத் தமிழில் ஒரு வரி எழுதினால் போதும், தாளில் அது இல்லை.

சொல்லிறுதி மெய்களைக் கடைசி வாரத்தில் அவசரமாக ஓட்டிவிடுகிறார்கள். நாம் அதிகம் தடுமாறும் இடமே அதுதான். சோற்றுக்கு 'பாப்' என்று சொல்லி உதட்டை மூடியபடியே நிறுத்த வேண்டும். திறந்தால் நம் பழக்கத்தில் ஓர் 'உ' ஒட்டிக்கொண்டு 'பாப்பு' ஆகும். இதற்கு மட்டும் இரண்டு வாரம் தந்திருக்க வேண்டும்.

சேருகிறவர்கள் முன்வரிசையில் உட்காருங்கள், ஆசிரியரின் உதடு தெரிய வேண்டும். ஒரு சின்னக் கைக்கண்ணாடியும் கொண்டுபோங்கள்.